டார்கெட் எஸ்.டி.கே. எண்ணை உயர்த்திய பின் செயலி பழுதானால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒவ்வோர் ஆண்டும் கார் நெல் அறுவடை நெருங்கும் நேரத்தில்தான் டார்கெட் எஸ்.டி.கே. எண்ணை உயர்த்தச் சொல்லும் பிளே ஸ்டோரின் ஆகஸ்ட் 31 கெடுவும் வந்து நிற்கிறது. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நெல் கொள்முதல் செய்யும் ஒரு வியாபாரிக்கான எடைச் சீட்டுச் செயலி, முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடிக் கடைகளில் இலை, தூள், கூலிக் கணக்கை எழுதும் செயலி, ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்கான செயலி ஆகிய மூன்றையும் பாளையங்கோட்டையில் இருந்தபடி நான் பராமரித்து வருகிறேன். டார்கெட் எண்ணை உயர்த்திய ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே பழுதுகள்தான் திரும்பி வந்தன. அவற்றைத் தீர்த்த வழிகளை, இதே வேலையைத் துணைக்கு ஆளின்றிச் செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

செயலியைத் தொகுக்கும் கருவியான கிரேடிலின் கோப்பில் மூன்று எஸ்.டி.கே. எண்கள் (ஆண்ட்ராய்டின் பதிப்புகளைக் குறிக்கும் எண்கள்) இருக்கின்றன. மினிமம் எண், செயலியை ஏற்கும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு எது என்று சொல்கிறது. கம்பைல் எண், எந்த ஆண்ட்ராய்டின் வசதிகளைக் கொண்டு நிரல் தொகுக்கப்படுகிறது என்று சொல்கிறது. டார்கெட் எண், எந்த ஆண்ட்ராய்டின் விதிகளுக்குச் செயலி கட்டுப்படுகிறது என்று சொல்கிறது. டார்கெட்டை உயர்த்தினால் பழைய போன்கள் கழன்றுவிடும் என்ற அச்சம் நம் பகுதியில் பலரிடம் இருக்கிறது, அது தவறு. ஆண்ட்ராய்டு 7 ஓடும் போனுக்கு ஆண்ட்ராய்டு 15-இன் விதிகள் தெரியாது என்பதால், அது செயலியை முன்பு நடத்தியது போலவே நடத்தும். பழைய போன்களை வெளியே தள்ளுவது மினிமம் எண். அவற்றில் செயலியை முடக்குவது பெரும்பாலும் கம்பைல் எண்ணும், பிறர் எழுதித் தந்த நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளும். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சோதனைகளில் பாதி வேலை முடிந்துவிடும்.

## எல்லாவற்றுக்கும் முன்: பழுது எந்தப் போனில்?

புகார் வந்ததும் நிரலைத் திறக்க வேண்டாம். போனின் ஆண்ட்ராய்டு பதிப்பு என்ன, செயலி புதிதாக ஏற்றப்பட்டதா அல்லது பழையதன் மேல் அப்டேட் ஆனதா என்ற இரண்டு செய்திகளை மட்டும் முதலில் கேட்டு வாங்குங்கள். பதிப்பு தெரிந்ததும் அதை எஸ்.டி.கே. எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்: ஆண்ட்ராய்டு 6 என்றால் 23, 7.0 என்றால் 24, 8.0 என்றால் 26, 9 என்றால் 28, 10 என்றால் 29, 11 என்றால் 30, 12 என்றால் 31, 13 என்றால் 33, 14 என்றால் 34, 15 என்றால் 35, 16 என்றால் 36.

புதிய போன்களில் மட்டும் பழுது என்றால், டார்கெட்டோடு சேர்ந்து வந்த விதி மாற்றத்தைத் தேடுங்கள். பழைய போன்களில் மட்டும் என்றால், கம்பைல் எண்ணையும் லைப்ரரிகளையும் பாருங்கள். எல்லாப் போன்களிலும் ஒரே மாதிரி என்றால், அது பெரும்பாலும் இந்த எண்களோடு தொடர்பில்லாத வேறு தவறு. அதற்கு இந்தக் குறிப்பு உதவாது.

புதிய போன் பக்கம் என்று தெரிந்த பிறகும் எந்த விதி என்று பிடிபடவில்லை எனில், ஆண்ட்ராய்டு 11 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் இருக்கும் ஆப் கம்பாட்டிபிலிட்டி சேஞ்சஸ் பட்டியலைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் செயலியின் டீபக் பதிப்பை (சோதனைக்கெனத் தொகுத்ததை) அதில் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு விதி மாற்றத்தையும் தனித்தனியே அணைத்தும் இயக்கியும் பார்க்கலாம். அணைத்தவுடன் பழுது நீங்கும் மாற்றமே காரணம். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு, டார்கெட்டை உயர்த்தாமலேயே இந்தப் பட்டியலைக் கொண்டு சோதித்துவிடலாம் என்பது இன்னும் நல்லது.

## அறிகுறி: செயலி போனில் ஏறவே இல்லை

### பழைய போனில் ஏறவில்லை

மினிமம் எண் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் உயர்த்தவில்லை என்று உறுதியாக நம்பினாலும் பாருங்கள். ஒரு லைப்ரரியைப் புதுப்பிக்கும்போது, அதன் மினிமம் உங்களுடையதைவிட அதிகமாக இருந்தால், செயலியின் பகுதிகளையும் அனுமதிகளையும் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்புகளை இணைக்கும்போது பிழை வரும். அந்த நேரத்து அவசரத்தில் பலரும் பிழைச் செய்தி கேட்கும் எண்ணை அப்படியே போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இப்படி ஒரு முறை 21-ஐ 23 ஆக்கிய என் தவறு, பீடி சுற்றும் பெண்களிடமிருந்துதான் எனக்குத் தெரியவந்தது. மகன் வேறு போன் வாங்கிய பிறகு வீட்டில் கிடக்கும் பழைய போனில்தான் அவர்கள் தங்கள் கூலிக் கணக்கைப் பார்க்கிறார்கள். அந்தப் போன்களில் செயலி நின்றுவிடவில்லை. புதிய பதிப்பு அவற்றுக்கு வராமல் போனதுதான் நடந்தது. ஆயிரம் பீடிக்கான கூலி மாறியபோது கடையின் போன் ஒரு தொகையையும் அவர்களுடைய போன் வேறொரு தொகையையும் காட்டியது.

செலவில்லாத தீர்வு, அந்த லைப்ரரியின் முந்தைய பதிப்புக்குத் திரும்புவது. அடுத்தது, மேனிஃபெஸ்டில் அந்த லைப்ரரிக்கு மட்டும் மினிமம் விதியை மீறும் குறிப்பைச் சேர்த்து, அதன் வசதியை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் போனின் எஸ்.டி.கே. எண்ணைச் சரிபார்ப்பது, ஓரிடத்தைத் தவறவிட்டாலும் செயலி முடங்கும் என்பதால் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். லைப்ரரியையே மாற்றுவது செலவு கூடிய வழி.

### புதிய போனில் ஏறவில்லை

பென்டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ பகிரப்படும் பழைய ஏ.பி.கே. கோப்பு (பிளே ஸ்டோர் இல்லாமல் செயலியை ஏற்றும் கோப்பு) என்றால் காரணம் எளியது. ஆண்ட்ராய்டு 14, டார்கெட் 23-க்குக் கீழே உள்ள செயலிகளை ஏற்பதில்லை. ஆண்ட்ராய்டு 15 இந்த எல்லையை 24-க்கு உயர்த்தியது. டார்கெட்டை உயர்த்தி மீண்டும் தொகுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டார்கெட்டை 31 அல்லது அதற்கு மேல் உயர்த்திய பிறகு ஆண்ட்ராய்டு 12-லும் அதற்கு மேலும் ஏறவில்லை என்றால், மேனிஃபெஸ்டில் இன்டென்ட் ஃபில்டர் (எந்த அழைப்புகளை ஏற்கும் என்ற குறிப்பு) வைத்திருக்கும் ஏதோ ஓர் ஆக்டிவிட்டி, சர்வீஸ் அல்லது ரிசீவரில், பிற செயலிகள் அதை அழைக்கலாமா என்று சொல்லும் 'எக்ஸ்போர்ட்டட்' பண்பு விடுபட்டிருக்கிறது. உங்கள் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் மேனிஃபெஸ்ட் கோப்பின் கீழே உள்ள மெர்ஜ்ட் மேனிஃபெஸ்ட் தாவலைத் திறந்து பாருங்கள்; ஏதாவது ஒரு பழைய லைப்ரரி கொண்டுவந்த ரிசீவர் அங்கே நிற்கும்.

## அறிகுறி: பழைய போனில் மட்டும் செயலி திறந்ததும் மூடிக்கொள்கிறது

இது நான் அதிக நேரம் செலவிட்ட பழுது. என் மேசையில் இருக்கும் புதிய போனில் ஒரு குறையும் தெரியாது, கடைக்காரரின் போனில் செயலி நிற்காது. பழைய போனை நேரில் வாங்கி, கேபிளில் இணைத்து, போனில் நடப்பதை வரிவரியாகக் காட்டும் லாக்கேட் பதிவைப் படிப்பதுதான் குறுகிய வழி. முக்கூடலுக்குப் பேருந்தில் போய் வரும் நேரம் வீண் என்று எண்ணிப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருந்தால் அதைவிட அதிக நாட்கள் வீணாகும். போக இயலாவிட்டால், செயலியை வெளியிட்டு நிர்வகிக்கும் தளமான பிளே கன்சோலில் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பக்கத்தில் அந்தப் பதிப்புக்கான கிராஷ் பதிவைப் பாருங்கள்.

### பதிவில் 'நோ சச் மெத்தட்' என்று இருந்தால்

முதலில் தேட வேண்டியது, காட்லின் மொழி நிரலில் பட்டியலின் முதல் உறுப்பை நீக்கும் 'ரிமூவ் ஃபர்ஸ்ட்', கடைசி உறுப்பை நீக்கும் 'ரிமூவ் லாஸ்ட்' என்ற இரண்டு அழைப்புகள். கம்பைல் எண் 34-ஆக இருக்கும் வரை அவை காட்லினின் சொந்தச் செயல்கூறுகளாகத் தொகுக்கப்பட்டன. 35-ஆக உயர்த்தியதும், ஆண்ட்ராய்டு 15-இல் ஜாவாப் பட்டியலிலேயே அதே பெயரில் சேர்ந்த புதிய செயல்கூறுகளோடு அவை பிணைந்துவிடுகின்றன. ஆண்ட்ராய்டு 14-லும் அதற்குக் கீழும் அந்தச் செயல்கூறுகள் இல்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, எண் மட்டும் மாறியது, செயலி முடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எழுதிச் சரியாக ஓடிக்கொண்டிருந்த வரியை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதால் இதைக் கண்டுபிடிக்க நேரமாகிறது. உறுப்பின் இட எண்ணைக் கொடுத்து நீக்கும் 'ரிமூவ் அட்' அழைப்பைப் பயன்படுத்தினால் எல்லாப் போன்களிலும் வேலை செய்யும். நிரலின் குறைகளைத் தேடும், புதிய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் லின்ட் சோதனை இந்த இடங்களை எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள்.

### பதிவில் தேதி, நேரம் தொடர்பான வகுப்பு இல்லை என்று இருந்தால்

ஜாவாவின் புதிய தேதி வகுப்புகள் ஆண்ட்ராய்டு 8.0 முதல்தான் போனில் இருக்கின்றன. கிரேடிலில் கோர் லைப்ரரி டீசுகரிங் என்ற வசதியை இயக்கி, அதற்கான லைப்ரரி வரியைச் சேர்த்தால் அவை பழைய போன்களிலும் கிடைக்கும். இரண்டு வரி வேலை. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நாள் முழுதும் தேடியவர்கள் உண்டு.

### இரண்டும் இல்லை என்றால்

உங்கள் நிரலில் புதிய ஆண்ட்ராய்டு வசதியை நேரடியாக அழைக்கும் இடங்களை லின்டின் 'நியூ ஏ.பி.ஐ.' பட்டியலிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் போனின் எண்ணைச் சரிபார்க்கும் நிபந்தனைக்குள் வையுங்கள். கிராஷ் பதிவின் மேல் வரிகள் உங்கள் நிரலில் இல்லாமல், மூலநிரல் கிடைக்காத ஒரு லைப்ரரிக்குள் இருந்தால் நிறுத்திவிட்டு, அந்த லைப்ரரியைத் தருபவர்களிடம் பதிவை அனுப்புங்கள். அதற்குள் நீங்களே புகுந்து திருத்துவது, அடுத்த ஆண்டும் திருத்த வேண்டிய கடனை ஏற்றுக்கொள்வதாகும்.

## அறிகுறி: புளூடூத் பிரிண்டர் சீட்டு அடிக்கவில்லை

"தம்பி, லாரி நிக்கி, சீட்டு வரமாட்டேங்கு" என்று அறுவடைக் களத்திலிருந்து வரும் அழைப்புக்கு மறுநாள் பதில் சொல்ல முடியாது. ஆகையால் இந்த வரிசையைத் தொலைபேசியிலேயே சொல்லி நடத்தும் அளவுக்கு எளிமையாக வைத்திருக்கிறேன்.

பிரிண்டரை அணைத்து இயக்கி, போனின் புளூடூத் பக்கத்தில் அது இணைந்த சாதனமாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே இல்லை என்றால் செயலியில் தேட வேண்டியது ஒன்றும் இல்லை.

இணைந்திருக்கிறது, போன் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால், செட்டிங்ஸில் செயலியின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டார்கெட் 30-ஆக இருந்தவரை இந்த அனுமதி தேவைப்படவில்லை. 31-க்குப் போனதும் தேவைப்படுகிறது. ஆண்ட்ராய்டு 11 முதல், பயனர் இரண்டு முறை மறுத்துவிட்டால் போன் மூன்றாவது முறை கேட்பதில்லை. களத்தில் அவசரமாகச் சீட்டு எழுதுகிறவர் எந்தப் பெட்டி வந்தாலும் மூடிவிடுவார். ஆகவே மறுப்பு நேர்ந்தபின் செட்டிங்ஸ் பக்கத்துக்கே அழைத்துச் செல்லும் ஒரு பொத்தானைச் செயலியில் கட்டாயம் வையுங்கள்.

அனுமதி சென்ற பருவத்தில் கொடுக்கப்பட்டது, இப்போது இல்லை என்றால் அதற்கும் விதி இருக்கிறது. டார்கெட் 30 அல்லது அதற்கு மேல் உள்ள செயலியைச் சில மாதங்கள் திறக்காமல் விட்டால், போன் அதன் அனுமதிகளைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும். கார் முடிந்து பிசானம் அறுவடை வரும் வரை எடைச் சீட்டுச் செயலியை யார் திறக்கப் போகிறார்கள்? நம் பகுதியின் பருவ வேலைகளுக்காகச் செயலி எழுதும் ஒவ்வொருவரும், முன்பு கொடுத்த அனுமதி இன்றும் இருக்கும் என்று நம்பாமல், அச்சடிக்கும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும்படி எழுத வேண்டும்.

இவ்வளவும் சரி, ஆனால் பதிவில் 'செக்யூரிட்டி எக்செப்ஷன்' வருகிறது என்றால், மேனிஃபெஸ்டில் 'புளூடூத் கனெக்ட்' மட்டும் சேர்த்து 'புளூடூத் ஸ்கேன்' விடப்பட்டிருக்கலாம். நாங்கள் புதிய சாதனங்களைத் தேடுவதே இல்லையே என்று தோன்றும். பிரிண்டரோடு இணையும் முன் தேடலை நிறுத்தும் 'கேன்சல் டிஸ்கவரி' வரி பெரும்பாலான நிரல்களில் இருக்கிறது, அந்த ஒரு வரிக்கு ஸ்கேன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே இணைந்த பிரிண்டரோடு மட்டும் வேலை என்றால் அந்த வரியை நீக்கிப் பார்ப்பது செலவில்லாத வழி. தேடலும் தேவை என்றால் இரண்டு அனுமதிகளையும் கேளுங்கள்.

பழைய போனில் மட்டும் அடிக்கவில்லை என்றால், புதிய அனுமதிகளைச் சேர்க்கும்போது பழைய 'புளூடூத்', 'புளூடூத் அட்மின்' வரிகளை நீக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 வரையிலான போன்களுக்கு அவை வேண்டும். நீக்காமல், அதிகபட்ச எண் 30 என்ற வரம்போடு வைத்திருங்கள். அந்தப் போன்களில் புதிய பிரிண்டரைத் தேடுவதற்கு இருப்பிட அனுமதியும் வேண்டும். அதைக் கொடுத்த பிறகும் பட்டியல் வெறுமையாக இருந்தால் போனின் லொகேஷன் பொத்தான் அணைந்திருக்கும்.

## அறிகுறி: சீட்டு, அறிக்கைக் கோப்புகள் சேமிக்கப்படவில்லை, பழைய கோப்புகள் காணவில்லை

டார்கெட் 30 அல்லது அதற்கு மேல் ஆன பிறகு, ஆண்ட்ராய்டு 11 மற்றும் அதற்கு மேற்பட்ட போன்களில், போனின் பொது நினைவகத்தில் செயலியின் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி எழுதும் பழைய வழி வேலை செய்யாது. எழுதும் அனுமதி கேட்டாலும் பயன் இல்லை. கோப்பு செயலிக்குள் மட்டும் பயன்படும் என்றால், செயலிக்கென்று உள்ள தனிக் கோப்புறைக்கு மாற்றுங்கள். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், ஆனால் செயலியை நீக்கினால் அதுவும் நீங்கிவிடும். கணக்குப் பிள்ளை எடுத்துப் பார்க்க வேண்டிய அறிக்கை என்றால், ஆண்ட்ராய்டு 10 முதல் மீடியா ஸ்டோர் வழியாக டவுன்லோட்ஸ் பகுதியில் எழுதலாம். அதற்குக் கீழே பழைய வழியையே எண் சரிபார்ப்போடு வைத்திருக்கலாம்.

காணாமல் போனதாகத் தோன்றும் கோப்புகள் அழியவில்லை, போனில்தான் இருக்கின்றன. செயலியால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. பதற்றத்தில் செயலியை நீக்கி மீண்டும் ஏற்றும்படி யாரிடமும் சொல்லாதீர்கள். அப்டேட் ஆன போன்களில் பழைய அணுகலை நீட்டிக்கும் ஒரு மேனிஃபெஸ்ட் குறிப்பு உண்டு. செயலியை நீக்கிய நொடியில் அந்த வழியும் அடைபடும். பழைய கோப்புகளை இடம் மாற்றும் நிரலை, டார்கெட் 29-இல் இருக்கும்போதே ஒரு பதிப்பாக வெளியிட்டு, அது பரவிய பிறகு டார்கெட்டை உயர்த்துவதே சரியான வரிசை. பல ஆண்டுக் கணக்கு ஒரே போனில் மட்டும் இருக்கிறது, வேறு நகல் இல்லை என்றால், இந்த இடத்தில் அனுபவமுள்ள ஒருவரை அழைத்துவிடுங்கள்.

## அறிகுறி: அறிவிப்பு வரவில்லை

ஆண்ட்ராய்டு 13-இல் புதிதாக ஏற்றப்பட்ட செயலிக்கு அறிவிப்பு அனுமதி இயல்பாகக் கிடையாது. டார்கெட் 33 ஆனதும் அதைக் கேட்கும் பொறுப்பு உங்களுடையது. ஏற்கெனவே அறிவிப்பு இயங்கிக்கொண்டிருந்த போன் 13-க்கு அப்டேட் ஆகியிருந்தால் அனுமதி தொடரும். ஆகவே சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்ற குழப்பமான புகார் வந்தால் இதுவே காரணம். 13-க்குக் கீழே இந்த அனுமதியைக் கேட்காதீர்கள். 8.0 முதல் யாருக்குமே வரவில்லை என்றால் நோட்டிஃபிகேஷன் சேனல் (அறிவிப்புகளுக்கான வகைப்பிரிவு) உருவாக்கப்படவில்லை.

## அறிகுறி: சர்வரோடு இணையவில்லை

### புதிய போன்களில்

சர்வர் முகவரி பாதுகாப்பில்லாத எச்.டி.டி.பி.யாக இருந்தால், டார்கெட் 28 முதல் ஆண்ட்ராய்டு 9-லும் அதற்கு மேலும் இணைப்பு மறுக்கப்படும். சர்வருக்குச் சான்றிதழ் போடுவதே தீர்வு. கடைக்குள்ளேயே இருக்கும் கணினியோடு பேச வேண்டும் என்றால், நெட்வொர்க் செக்யூரிட்டி கோப்பில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடுவது, கூலிக் கணக்கையும் அலைபேசி எண்களையும் தெருவில் வைப்பதற்குச் சமம்.

### பழைய போன்களில்

முதலில் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்து பல நாள் கிடந்த போனில் தேதி பின்னுக்குப் போயிருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது. தேதி சரியாக இருந்தும் ஆண்ட்ராய்டு 7.0 மற்றும் அதற்குக் கீழே மட்டும் இணைப்பு அறுந்தால், சர்வரில் இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதன் மூலச் சான்றிதழ் 7.1.1 முதல்தான் போன்களில் இருக்கிறது; பழைய போன்களைத் தாங்கிவந்த குறுக்குக் கையொப்பம் (அவை நம்பும் வேறொரு நிறுவனத்தின் உறுதி) 2024 செப்டம்பரில் காலாவதியானது. பழைய போன்களும் நம்பும் வேறொரு நிறுவனத்தின் சான்றிதழைச் சர்வரில் போடுவதுதான், செயலியைத் தொடாமல் தீரும் வழி. சான்றிதழ் சோதனையையே நிரலில் அணைத்துவிடும் குறுக்குவழி இணையத்தில் கிடைக்கும், அதைச் செய்யாதீர்கள்.

## அறிகுறி: வாட்ஸ்அப் இல்லை, யு.பி.ஐ. செயலி இல்லை என்று காட்டுகிறது

டார்கெட் 30 முதல், ஆண்ட்ராய்டு 11-லும் அதற்கு மேலும், போனில் உள்ள மற்றச் செயலிகள் உங்கள் செயலிக்குத் தாமாகத் தெரியாது. மேனிஃபெஸ்டில் 'குவரீஸ்' பகுதியில் வேண்டிய செயலியின் பெயரையோ, யு.பி.ஐ. இணைப்பு வகையையோ சேர்த்தால் தீர்ந்தது. இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்காமல் நேரடியாகத் திறக்க முயன்று, இல்லாவிட்டால் வரும் பிழையைப் பிடித்துக்கொள்வது இன்னும் எளிது.

## அறிகுறி: கீழே உள்ள பொத்தான் மறைகிறது, தலைப்பு கடிகாரத்தின் மேல் ஏறுகிறது

டார்கெட் 35, ஆண்ட்ராய்டு 15 என்ற சேர்க்கையில் செயலியின் திரை, மேலும் கீழும் உள்ள பட்டைகளின் அடியிலும் விரியும். பால் நிலையத்தில் 'பதிவு செய்' பொத்தான், கீழே உள்ள மூன்று பொத்தான் பட்டைக்கு அடியில் போய்விட்டது. அதை அழுத்தப் போனவர்கள் ஹோம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். சைகை முறையில் மட்டும் சோதித்த எனக்கு அது தெரியவில்லை. ஆகையால் மூன்று பொத்தான் முறையிலும், விசைப்பலகை திறந்த நிலையிலும் ஒவ்வொரு திரையையும் பாருங்கள்.

அவசரத் தீர்வாக, தீம் கோப்பில் விலக்குக் குறிப்பு ஒன்று இருக்கிறது. டார்கெட் 36 ஆனதும் ஆண்ட்ராய்டு 16-இல் அது செல்லாது என்பதால், வாங்கிய அவகாசம் ஒரு சுற்றுக்கு மட்டுமே. நிலையான தீர்வு, பட்டைகளின் உயரத்தைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு திரைக்கும் அந்த அளவு இடைவெளி விடுவது.

## அறிகுறி: பின்னணியில் நடக்க வேண்டிய வேலை நின்றுபோகிறது

சில போன்களின் பேட்டரி சேமிப்பு அமைப்பே இதைச் செய்யும் என்பதால், அதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, பின்னணி வேலைகளை நடத்தும் ஒர்க்மேனேஜர் லைப்ரரி 2.7.0-க்கு முந்தையதா என்று பாருங்கள். டார்கெட் 31-இல் அது பென்டிங் இன்டென்ட் பிழையோடு முடங்கும். டார்கெட் 34 என்றால், முன்னணிச் சேவை (அறிவிப்பைக் காட்டியபடி ஓடும் சேவை) ஒவ்வொன்றுக்கும் அதன் வகையையும் அந்த வகைக்குரிய அனுமதியையும் மேனிஃபெஸ்டில் எழுத வேண்டும். டார்கெட் 35-இல் தரவு ஒத்திசைவு வகைச் சேவை, ஆண்ட்ராய்டு 15 போன்களில் 24 மணி நேரத்தில் 6 மணி நேரம்தான் ஓட முடியும். சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையடிவாரக் கிராமங்களில் சேவையை நாள் முழுதும் ஓடவிட்டுக் காத்திருப்பதைவிட, இணைப்பு கிடைக்கும்போது மட்டும் விழிக்கும்படி ஒர்க்மேனேஜரிடம் ஒப்படைப்பதே ஏற்றது. பின்னணியில் இருப்பிடம் தேவைப்படும் செயலி என்றால், பிளே கன்சோலின் விளக்கப் படிவத்தை இதற்கு முன் நிரப்பி ஒப்புதல் பெற்ற ஒருவரின் உதவியை நாடுங்கள்.

## அறிகுறி: பிளே கன்சோல் பதிப்பை ஏற்கவில்லை

2025 ஆகஸ்ட் 31 கெடு, புதிய செயலிகளுக்கும் அப்டேட்களுக்கும் டார்கெட் 35 கேட்டது. அந்தக் கெடுவின்படி, அப்டேட் செய்யாமல் விட்ட செயலி 34-க்குக் கீழே இருந்தால், அதன் டார்கெட்டைவிடப் புதிய ஆண்ட்ராய்டு ஓடும் போன்களில் புதியவர்களுக்கு அது பட்டியலில் தெரியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். புதிய போன் வாங்கிய கடைக்காரர் செயலியைத் தேடிக் கிடைக்கவில்லை என்று சொன்னால் இதை முதலில் சந்தேகியுங்கள். எண்ணை மாற்றியதும் ஸ்டுடியோ தொகுக்க மறுத்தால், ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் பழையது. கம்பைல் 35-க்கு அது 8.6.0 ஆவது இருக்க வேண்டும், ஜாவாத் தொகுப்புக் கருவியான ஜே.டி.கே. 17-உம் வேண்டும்.

டார்கெட் சரி, 16 கே.பி. பக்க அளவு (போன் தன் நினைவகத்தைப் பிரிக்கும் அளவு) என்று கன்சோல் குறை சொல்கிறது என்றால், காரணம் சி மொழியில் எழுதப்பட்ட ஏதோ ஒரு லைப்ரரி. 2025 நவம்பர் 1 முதல், டார்கெட் 35 மற்றும் அதற்கு மேல் உள்ள பதிப்புகளுக்கு இது கட்டாயம். ஏ.பி.கே. அனலைசரில் எந்தக் கோப்பு என்று தெரியும். பொதுவான லைப்ரரி என்றால் புதிய பதிப்பை ஏற்றுங்கள்; உங்களுடையது என்றால், சி நிரலைத் தொகுக்கும் கருவியான என்.டி.கே. 28-ஐக் கொண்டு மீண்டும் தொகுங்கள். பிரிண்டரோடு வந்த குறுந்தட்டில் இருந்த லைப்ரரி, அதைத் தந்தவர்கள் பதில் சொல்வதில்லை என்றால், அதை விட்டுவிட்டுப் பிரிண்டரின் கட்டளைகளை நேரடியாக அனுப்பும் நிரலை ஒரு தொழில்முறை நிரலாளரிடம் எழுதி வாங்குவதே கடைசி வழி, செலவும் அதிகம்.

## எந்த எண்ணை வைப்பது என்ற கேள்விக்கு

டார்கெட்டுக்கு, பிளே ஸ்டோர் அந்த ஆண்டு கேட்கும் எண்ணை வையுங்கள். கம்பைலை அதற்குச் சமமாகவோ மேலாகவோ வையுங்கள். இரண்டையும் ஒரே பதிப்பில் உயர்த்தாதீர்கள்: ஜூன் மாதத்தில் கம்பைலை மட்டும் உயர்த்தி ஒரு பதிப்பை வெளியிட்டால், பழைய போன்களின் பழுதுகள் தனியாகத் தெரிந்துவிடும், ஜூலையில் டார்கெட்டை உயர்த்தினால், வருவதெல்லாம் புதிய போன்களின் பழுதுகள் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். அப்போதும் ஸ்டேஜ்டு ரோல்அவுட் முறையில் சிறு பங்கினருக்கு மட்டும் அனுப்பி, ஒரு வாரம் பொறுத்திருங்கள். வெளியான பதிப்பை நிறுத்த முடியும். ஏற்கெனவே அது ஏறிவிட்ட போன்களில் சரிசெய்ய, அடுத்த எண்ணோடு புதிய பதிப்பைத்தான் அனுப்ப வேண்டும்.

மினிமத்துக்கு மட்டும் யாருடைய பரிந்துரையையும் ஏற்காதீர்கள். பிளே கன்சோலின் புள்ளிவிவரப் பக்கத்தில் உங்கள் பயனர்கள் எந்தெந்த ஆண்ட்ராய்டில் இருக்கிறார்கள் என்பது தெரியும். அந்தப் பட்டியலின் அடியில் இருப்பவர்கள் யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பீடிக் கணக்குச் செயலியில் மினிமத்தை உயர்த்த வேண்டிய நாள் வந்தபோது, முதலில் கடைகளுக்குச் சொல்லி, அந்தப் பழைய போன்களை வைத்திருக்கும் பெண்களுக்கு வாரக் கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் வழியை அமைத்த பிறகே எண்ணை மாற்றினேன்.